நோகாம நோம்பி கும்பிடற பம்பு

ஏங்கண்ணு, உன்ற காருக்கு வாட்டர் பம்பு மாத்தப் போறயாமா?

இருக்கற பம்பு கெட்டுப் போச்சா? இல்லை. ஒழுகுதா? அதுவும் இல்லை. சத்தம் போடுதா? அது பாட்டுக்குப் பொட்டாட்ட ஓடுது. அப்பறம் என்ன கருமத்துக்கு மாத்தறே? பெல்ட்டுல ஓடற பம்பு பழசாம், கரண்டுல ஓடற பம்புதான் இப்பத்த நாகரிகமாம், பவரும் மிச்சமாம். எவனோ சொன்னான். நீயும் தலையாட்டிட்டு வந்துட்டே.

செரி, சித்தெ உக்காரு. நான் லாரி ஓட்டிப் பொழச்சவன். படிப்பு கம்மி. ஆனா கொதிச்சுப் போன ரேடியேட்டர் முன்னால நின்னு, மூடியைத் திறக்கலாமா வேண்டாமான்னு ரோசனை பண்ணினவன். தண்ணியோட குணம் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

புதுப் பம்பு வச்சா போனுலயே எஞ்சின் சூட்டைப் பாத்துக்கலாமாமே? நல்லது சாமி. முந்தியெல்லாம் டேஷ்போர்டுல முள்ளு ஒண்ணு இருந்துச்சு. ஏறுனா ஏறுதுன்னு காட்டும். இப்ப வர்ற வண்டி பலதுல அதைத் தூக்கிட்டு, நீலத்துல ஒரு லைட்டு, செவப்புல ஒரு லைட்டு வச்சுட்டான். சும்மா கெடந்த முள்ளை எடுத்துட்டு, அதையே போனுல திரும்ப வித்தா வாங்கிக்குவே. உன்னை மாதிரி நாலு பேரு இருந்தாத்தான் யாவாரம் நடக்கும்.

மொதல்ல ஒண்ணு கேக்கறேன். எஞ்சினுக்குத் தண்ணி எதுக்கு? குளுர வைக்கறதுக்குன்னு சொல்லுவே. அது பாதிதான். குளுந்து கெடக்கற எஞ்சின் எதுக்கு ஆகும்? பெட்ரோல் செரியா எரியாது. ஆயில் கெட்டியாவே கெடக்கும். தேய்மானம் எச்சு. அதுக்கு 90 டிகிரி பக்கத்துல ஒரே சூடு இருக்கோணும். அதைத் தாண்டி எகிறினா ஹெட் கேஸ்கெட் போகும், உன்ற பேங்குக் கணக்கும் கூடவே போகும். ஆக, தண்ணியோட சோலி குளுர வைக்கறது மட்டும் இல்லை. சூட்டை ஒரு அளவுல நிறுத்தறது.

நீ ஊத்தற பெட்ரோலோட சூட்டுல ஏறக்கொறைய மூணுல ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுத்துது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாப் புகையோட போயிருது. மிச்சம் ஒரு பங்கைத் தண்ணி சொமந்துட்டுப் போய் ரேடியேட்டர்ல காத்துல விடுது. லிட்டர் நூறு ரூபாய்னு வச்சுக்க. அதுல முப்பது ரூபாய்க்கு மேல காத்துல போகுது. அதைப் பத்தி உனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பம்பு திங்கற காலணாவுக்கு வந்து அழுவறே!

பம்புன்னா என்ன பெரிய கம்பசூத்திரமா? றெக்கை வச்ச சக்கரம் ஒண்ணு. அதுக்குப் பேரு இம்பெல்லர். ஒரு தண்டு, ஒரு பேரிங், தண்ணி வெளிய வராம ஒரு சீல். முடிஞ்சுது. கிராங்க் புல்லியில இருந்து பெல்ட்டு வந்து சுத்தும். எஞ்சின் ஓடுனா அது ஓடும். எஞ்சின் நின்னா அது நிக்கும். அதுக்கு ஒயர் இல்லை, ஃபியூஸ் இல்லை, மூளையும் இல்லை.

மூளை இல்லைங்கறதுதான் அதோட கோளாறு. மறைக்க மாட்டேன்.

நான் சின்னப் பையனா இருக்கறப்ப எங்க தோட்டத்துக் கிணத்துல மாடு கட்டிக் கவலை ஓட்டுவாங்க. மாடு எவ்வளவு வெரசா சரிவுல எறங்குதோ அவ்வளவு தண்ணி வாய்க்கால்ல வரும். பயிர் வாடுதா, பாத்தி நெறைஞ்சு வழியுதான்னு மாட்டுக்குத் தெரியுமா? தெரியாது. பெல்ட்டு பம்பும் அதேதான். எஞ்சின் சுத்தற வேகத்தைப் பாக்கும். எஞ்சினோட சூட்டைப் பாக்காது.

மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ஏறிப் பாரு. 14 கொண்டை ஊசி வளைவு. ரெண்டாவது கியர்ல முக்கி முக்கி ஏறி, மேல போனதும் ஒரு டிராபிக்ல சிக்கிக்கறே. எஞ்சின் அப்பத்தான் உச்சச் சூட்டுல இருக்குது. ஆனா ஸ்லோவுல 750 சுத்து சுத்திட்டு நிக்கறே. பம்பும் சோம்பேறியாச் சுத்தும். தண்ணி வேணுங்கறப்பத்தான் தண்ணி கம்மி. அதுக்குத்தான் அந்தக் காலத்து டிரைவர் நியூட்ரல்ல போட்டு ஆக்சிலேட்டரை லேசா அமுக்கிட்டே நிப்பான். பின்னால வர்றவன், கிறுக்கன் சும்மா ரேஸ் பண்றான்னு நெனப்பான். அவன் கிறுக்கன் இல்லை. பம்பைச் சுத்த வச்சுத் தண்ணியை ஓட்டறான்.

அதே வண்டியை மார்கழிக் குளுர்ல, வெடியக்காலம், காலியான பைபாஸ்ல வெரட்டு. எஞ்சினுக்கு அவ்வளவு தண்ணி வேண்டியதே இல்லை. ஆனா பம்பு கொட்டு கொட்டுனு கொட்டும். ஏன்? சுத்து எச்சு.

இதுல இன்னொரு சூட்சுமம் இருக்குது. பம்பு சுத்தற வேகம் ரெண்டு மடங்கானா தண்ணியும் ரெண்டு மடங்கு வரும். அது இழுக்கற பவர்? ரெண்டு மடங்குன்னு நெனப்பே. எட்டு மடங்கு. நம்ப மாட்டயா? கோயமுத்தூர்ல பம்பு செய்யற பட்டறை எதுல வேணாலும் போய்க் கேளு. ஸ்லோவுல 750, உச்சத்துல 6000. வேகம் எட்டு மடங்கு. பவர் எட்டெட்டு அறுவத்தி நாலு, அதை இன்னொரு எட்டால பெருக்கு. 512 மடங்கு! ஸ்லோவுல எறும்பாட்டத் திங்கறது, உச்சத்துல வேண்டாத தண்ணியைக் கலக்கறதுக்கே ரெண்டு கிலோவாட் வரைக்கும் கேக்கும்.

இதைப் பாத்துத்தான் எஞ்சினீயருங்க யோசிச்சாங்க. பம்பை எஞ்சின்ல இருந்து பிரிச்சு, தனியா மோட்டார் வச்சா என்னன்னு. ஜெர்மனிக்காரன் பி.எம்.டபிள்யூ. 2004-ல என்52-ன்னு ஒரு ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் எறக்கினான். அதுல கரண்டு பம்பு. இழுக்கறது 200 வாட்டு. ஜப்பான்காரன் டொயோட்டா இன்னும் ஒரு படி மேல போனான். 2009-ல வந்த மூணாவது தலைமுறை பிரியஸ் எஞ்சின்ல பெல்ட்டே கிடையாது. வாட்டர் பம்பு கரண்டு. ஏ.சி. கம்ப்ரசர் கரண்டு. ஸ்டியரிங்கும் கரண்டு.

நல்ல வேலைதான். ஏன் முழிக்கறே? அப்புச்சி பழசைக் கட்டிட்டு அழுவறவன்னு நெனச்சயா? கரண்டு பம்புல மூணு நல்ல குணம் இருக்குது, கேட்டுக்க. காலையில எஞ்சின் பச்சைத் தண்ணியாட்டக் குளுந்து கெடக்கறப்ப பம்பை நிறுத்தி வைக்கலாம். எஞ்சின் வெடுக்குனு சூடேறிக்கும். டிராபிக்ல நிக்கறப்ப எஞ்சின் மெல்லச் சுத்தினாலும் பம்பு முழுசா ஓடும். எஞ்சினை அணைச்ச பொறவும் சித்தெ ஓடிச் சூட்டை எறக்கும். இந்த மூணையும் வெறும் பெல்ட்டு பம்பு கனவுலயும் செய்யாது.

அப்பறம் என்னத்துக்கு அப்புச்சி என்னைத் திட்டறேங்கறயா? சொல்றேன்.

உனக்கு ஒருத்தன் பவர் மிச்சம்னு சொன்னானே, அந்தக் கரண்டு எங்கிருந்து வருது? ஈ.பி. ஆபீசுல இருந்தா? உன்ற எஞ்சின்தான் பெல்ட்டைச் சுத்தோணும். அந்தப் பெல்ட்டு டைனமோவைச் சுத்தோணும். நீ ஆல்டர்னேட்டர்னு சொல்லுவே, எனக்கு டைனமோதான். அது கரண்டு எடுத்து பேட்டரிக்கு, ஒயருக்கு, கண்ட்ரோலருக்கு, அப்பறம் மோட்டாருக்கு. கடைசியா அந்த மோட்டார் றெக்கையைச் சுத்தும். வழியில நிக்கறவன் ஒவ்வொருத்தனும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளிக்குவான். பெல்ட்டு பம்புல நடுவுல நிக்கறவன் ஒரே ஆளு, பெல்ட்டு. நோகாம நோம்பி கும்பிட முடியுமா கண்ணு?

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாப்போம். பெரிய எஞ்சின் ஒண்ணோட பெல்ட்டு பம்பு 6000 சுத்துல 2 கிலோவாட்டு இழுக்குதுன்னு வச்சுக்க. நீ பைபாஸ்ல 2500 சுத்துல போறே. அந்த எட்டு மடங்கு விதியை வச்சுப் போட்டா எவ்வளவு வருது? 145 வாட்டு. இப்பக் கரண்டு பம்புக்கு வா. 12 வோல்ட்டு, 10 ஆம்பியர், 120 வாட்டு. டைனமோ நூத்துக்கு அறுவதுதான் திருப்பிக் குடுக்கும். ஆக, எஞ்சின்கிட்ட இருந்து புடுங்கறது 200 வாட்டு. எது எச்சு?

கண்ட்ரோலர் அதைக் கொறைச்சு ஓட்டும்னு சொல்லுவே. கொறைக்கட்டும். கொறைச்சா மிச்சம் எவ்வளவு? எப்படிப் போட்டாலும் நூறு வாட்டுக்குச் சித்தெ முன்னப்பின்ன. பட்டப்பகல்ல நீ அணைக்க மறந்துட்டுப் போற ஹாலஜன் ஹெட்லைட்டு ரெண்டு பல்பு அதைவிட எச்சாத் திங்குது. அந்த சுவிட்சை அமுக்கறதுக்குக் காசு குடுக்கோணுமா?

மிச்சமெல்லாம் 6000 சுத்துலதான் இருக்குது. நீ 6000 சுத்து எப்பப் பாத்தே? ஆவின் பாலகத்துக்கும் ஆபீசுக்கும் ஓட்டறவன், வேகத்தடைக்கு வேகத்தடை நின்னு போறவன், பந்தயக்காரன் கணக்கைப் படிச்சுட்டு வந்து எங்கிட்ட ரவுசு பண்றே.

அப்பக் கம்பெனிக்காரன் மட்டும் என்ன மடையனா? இல்லை. அவன் வித்துத் தள்ளறது லட்சக்கணக்குல. ஒவ்வொரு வண்டியிலயும் ஒரு துளி மிச்சமானாலும் அவனுக்குக் கணக்கு நேராகும். கிலோமீட்டருக்கு இத்தனை கிராம்தான் புகை விடலாம்னு சர்க்கார் கோடு போட்டு வச்சிருக்குது. அந்தக் கோட்டுக்குள்ள நிக்க அவன் துளித்துளியாப் பொறுக்கறான். உனக்கு இருக்கறது ஒரு வண்டி. அதுக்கும் தவணை முடியலை.

அமெரிக்காவுல நடந்த கூத்து ஒண்ணு கேளு. ஃபோர்டு கம்பெனி 1908-ல மாடல் டி-ன்னு ஒரு கார் கொண்டாந்துச்சு. மொதல்ல வந்த 2500 வண்டி சொச்சத்துல வாட்டர் பம்பு இருந்துச்சு. அப்பறம் என்ன பண்ணினாங்க? பம்பைப் புடுங்கிட்டாங்க! சூடான தண்ணி தானா மேல போகும். ரேடியேட்டர்ல ஆறுன தண்ணி தானாக் கீழ எறங்கும். அது போதும்னு விட்டுட்டாங்க. 1927 வரைக்கும் ஒன்றரைக் கோடி வண்டி அப்பிடித்தான் ஓடுச்சு. அந்த எஞ்சின் 20 எச்.பி. மெல்ல ஓடற எஞ்சின். அதுக்கு அந்த அளவு போதும்.

கூத்து இனிமேத்தான். கம்பெனிக்காரன் வேண்டாம்னு எடுத்த பம்பையே, வெளிய கடைக்காரனுங்க தனியாச் செஞ்சு விக்க ஆரம்பிச்சாங்க. மாடல் டி சூடாகுதா, எங்க பம்பு வாங்கி மாட்டுன்னு. சனமும் வாங்குச்சு. வண்டி எதுக்குச் சூடாச்சு? பலதுல ரேடியேட்டர் அடைச்சுக் கெடந்துச்சு. அதைக் கழுவினாத் தீர்ந்துச்சு. நூறு வருசத்துக்கு முன்னயே உனக்கு அண்ணன் ஒருத்தன் அங்க இருந்திருக்கறான் பாரு.

எஞ்சின் பெருசாக ஆக, சூடு எச்சாக ஆக, தானா ஓடற தண்ணி பத்தலை. அப்பறம் பம்பு எல்லா வண்டிக்கும் வந்துச்சு. அது நாகரிகத்துக்காக வரலை, தேவைக்காக வந்துச்சு. இதை மனசுல முடிஞ்சு வச்சுக்க.

ரேடியேட்டர் ஃபேன் கதையும் அதேதான். அம்பாசடர் வண்டியில ஃபேன் எங்க இருக்கும்? வாட்டர் பம்பு புல்லி மேலயே மாட்டியிருப்பான். ஒரே பெல்ட்டுல பம்பும் சுத்தும், ஃபேனும் சுத்தும். 1983 கடைசியில மாருதி 800 வந்துச்சு. அதுல ஃபேனுக்குத் தனி மோட்டார். வண்டியை நிறுத்திட்டு எறங்கி நின்னா ஃபேன் தானாச் சுத்துது. பேய் புடிச்சிருச்சுன்னு சொன்ன ஆளும் எங்க ஊருல உண்டு.

அதை எதுக்குக் கரண்டுக்கு மாத்தினான்? எஞ்சினைக் குறுக்கால வச்சங்காட்டி, புல்லி ஒரு பக்கம் போச்சு, ரேடியேட்டர் ஒரு பக்கம் போச்சு. பெல்ட்டு எட்டலை. அதுவுமில்லாம வண்டி வேகமாப் போறப்ப எதுக்காத்தே போதும், ஃபேன் எதுக்கு? நின்னாத்தானே வேணும்? எட்டலைன்னான், வேண்டியதில்லைன்னான், மாத்திட்டான். இன்னிக்கு எவனாவது கரண்டு ஃபேன் நல்லதா கெட்டதான்னு பஞ்சாயத்து வைக்கறானா?

கரண்டு பம்பும் இப்பிடித் தேவை இருக்கற எடத்துல போய் உக்காந்துக்கும். ஹைபிரிட் வண்டியைப் பாரு. எஞ்சின் நின்னு நின்னு ஓடுது. எஞ்சின் நிக்கறப்ப பம்பும் நின்னா ஆகுமா? அங்க கரண்டு பம்பு ஞாயம். பேட்டரி காருல எஞ்சினே இல்லை, பெல்ட்டை எதுல மாட்டுவே? ஆனா பேட்டரியும் மோட்டாரும் சூடாகத்தான் செய்யுது. தண்ணியை ஓட்டறதுக்கு அங்கயும் கரண்டு பம்புதான். இருக்கறது ஒரே வழி.

டர்போ வண்டியை எடுத்துக்க. மலை ஏறி எறங்கினதும் டர்போ நெருப்பாட்டக் கெடக்கும். ஒடனே எஞ்சினை அணைச்சா, உள்ள நின்ன தண்ணியும் ஆயிலும் வேகும். எங்க காலத்துல லாரியை ஓரம் கட்டினதும் அணைக்க மாட்டோம். ரெண்டு நிமிசம் ஸ்லோவுல விட்டு, ஒரு பீடி பத்த வச்சு முடிச்சுட்டு அணைப்போம். இப்ப வர்ற பல டர்போ காருல பெல்ட்டு பம்பு பெரிய வேலையைப் பாக்குது, கூடவே சின்னதா ஒரு கரண்டு பம்பு எஞ்சினை அணைச்ச பொறவு டர்போவுக்குத் தண்ணி ஓட்டுது. பீடி இல்லாமயே சோலி முடியுது. ரெண்டும் ஒரே வண்டிக்குள்ள சண்டை போடாம இருக்குது பாரு. சண்டை உங்க வாயிலதான்.

தண்ணி வேண்டாதப்ப பம்பைப் பிரிச்சு விடற கிளட்ச் வச்ச பெல்ட்டு பம்பும் வந்திருக்குது. ஆனா கால் மைல் நேர்ப் பந்தயம் ஓட்டறவன் கரண்டு பம்பு போடறான். அவனுக்கு அந்தச் சில நொடியில ரெண்டு எச்.பி. மிச்சமானாலும் ஆதாயம். ஓடி முடிச்சதும் எஞ்சினை அணைச்சுட்டு, பம்பை மட்டும் ஓட்டிச் சூட்டை எறக்கிக்குவான். அவன் ஓட்டறது 400 மீட்டர். நீ ஓட்டறது ஆபீசு வரைக்கும்.

செரி, நீ வாங்கப் போற அந்தக் கரண்டு பம்புக் கிட்டுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவுல டேவிஸ் கிரெய்க்னு ஒருத்தன் செய்யறான். நிமிசத்துக்கு 80 லிட்டர், 115, 150-ன்னு அளவு வச்சு விக்கறான். பண்டம் மோசம்னு சொல்ல மாட்டேன். 80 லிட்டர் தண்ணி பத்து டிகிரி சூட்டைச் சொமந்தா 55 கிலோவாட்டுச் சூடு வெளிய போகும். உன்ற சின்னக் காருக்கு அது தாராளம்.

ஆனா மாட்டறதுக்கு என்ன பண்ணோணும் தெரியுமா? நல்லா இருக்கற பழைய பம்பைப் பிரிச்சு, அதோட றெக்கையைக் கழட்டி எறியோணும். சூட்டைப் பாத்துத் தண்ணி வழியைத் திறந்து மூடற தெர்மோஸ்டாட்டை எடுத்துப் போடோணும். ஹோஸை அறுத்து நடுவுல மோட்டாரைச் சொருகோணும். சென்சார், ரிலே, ஒயரு எல்லாம் இழுக்கோணும். இதெல்லாம் தெரிஞ்ச மெக்கானிக் உன்ற ஊருல இருக்கறானா? இருந்தா அவன் கேக்கற கூலி கிட்டோட வெலைக்கு எட்டுமா, தாண்டுமா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். புது வண்டியா இருந்தா, கம்பெனிக்காரன் வாரண்டி இல்லைன்னு கையை விரிச்சுருவான்.

அப்பறம் ஒண்ணு. எந்தப் பம்பும் ஒரு நாள் சாகத்தான் செய்யும். எப்பிடிச் சாகுதுங்கறதுதான் பேச்சு. பெல்ட்டு பம்பு சொல்லிட்டுச் சாகும். பேரிங் தேஞ்சா கீச்சு கீச்சுனு கத்தும். சீல் போனா, பம்புக்கு அடியில சின்னதா ஒரு ஓட்டை விட்டிருப்பான், அது வழியாச் சொட்டுப் போடும். காஞ்ச கூலண்ட் பவுடராட்டப் பச்சையாவோ, ரோஸாவோ அங்க படிஞ்சு நிக்கும். காலையில வண்டி நின்ன எடத்துல ஈரம் தெரியும். இத்தனை சொல்லியும் நீ கேக்கலைன்னா, தப்பு பம்பு மேலயா?

கரண்டு பம்பு அப்பிடிப் பொலம்பாது. உள்ள இருக்கற எலக்ட்ரானிக் போச்சுன்னா நேத்து வரைக்கும் ஓடினது இன்னிக்கு ஓடாது. கம்பெனியில வச்சு வர்ற வண்டியில கம்ப்யூட்டர் கண்டுபுடிச்சு, லைட்டுப் போட்டு, பவரைக் கொறைச்சு எஞ்சினைக் காப்பாத்தும். நீயா வாங்கி மாட்டினதுக்கு யாரு கண்டுபுடிப்பா? மாட்டினவன் ஒரு ஒயரை வெறுமனே முறுக்கி டேப்பு சுத்திட்டுப் போயிருப்பான். மழையில அது பச்சை புடிக்கும். திம்பம் மலையில 27 வளைவுல பாதியில, ராத்திரியில, செவப்பு லைட்டைப் பாத்துட்டு நீ எனக்குப் போன் போடுவே. அங்க டவரும் கெடைக்காது.

கடைசியாக் காசு செலவில்லாத ரோசனை சொல்றேன். குறிச்சுக்க. போனுல வேண்டாம், மண்டையில.

பம்பைப் பாக்கறதுக்கு முன்னால மூடியைப் பாரு. ரேடியேட்டர் மூடின்னா சும்மா தண்ணி சிந்தாம இருக்க மாட்டினதுன்னு நெனச்சுட்டு இருக்கறே. அது உள்ள அழுத்தத்தைக் கட்டி வைக்குது. ஊட்டி உசரம் 2240 மீட்டர். அங்க திறந்த பாத்திரத்துல தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிச்சுரும். உன்ற எஞ்சின் ஓடறதே 90-ல. அப்பறம் எப்பிடிக் கொதிக்காம இருக்குது? 0.9 பார் அழுத்தம் புடிக்கற மூடி, கீழ்நாட்டுல தண்ணியோட கொதியை 118 டிகிரிக்குத் தள்ளிரும். மலை மேலயும் 114-க்குக் கொறையாது. அந்த மூடியோட ரப்பர் நஞ்சு போனா எந்தப் பம்பு வச்சும் பிரயோசனம் இல்லை. சூடா இருக்கறப்ப மட்டும் அதுல கை வச்சுராதே. மூஞ்சி வெந்துரும்.

போர் தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்தாதே. நம்ம பக்கத்து உப்புத் தண்ணி, குண்டாவுலயே வெள்ளையாப் படியுது. எஞ்சினுக்குள்ள மட்டும் படியாதா? புஸ்தகத்துல என்ன கூலண்ட் போட்டிருக்குதோ அதை ஊத்து. கலரைப் பாத்துக் கலக்காதே. கூலண்ட் தண்ணியைக் கொதிக்காமப் பாத்துக்கறதோட, துருவையும் தடுக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறியறவன்கிட்ட வண்டியை விடாதே. சூடாச்சுன்னா மொதல்ல அதைத்தான் புடுங்குவான். அப்பறம் எஞ்சின் எந்நேரமும் குளுந்து ஓடும், பெட்ரோல் எச்சாக் குடிக்கும். வந்த நோவை விட்டுட்டு வேற ஒண்ணை வாங்கிட்டு வர்றதா?

சில எஞ்சின்ல பம்பை வெளிப் பெல்ட்டு சுத்தாது, உள்ள இருக்கற டைமிங் பெல்ட்டு சுத்தும். அந்தப் பெல்ட்டை மாத்தறப்பவே பம்பையும் மாத்திரு. ரெண்டுக்கும் ஒரே கூலி. பம்பு நல்லாத்தானே இருக்குதுன்னு விட்டே, அப்பறம் பேரிங் இறுகி டைமிங் பெல்ட்டை அறுத்துச்சுன்னா, பல எஞ்சின்ல வால்வு பிஸ்டன்ல மோதி வளைஞ்சுரும். அன்னிக்கு வர்ற பில்லுல நாலு கரண்டு பம்பு வாங்கலாம்.

ரேடியேட்டர் முன்னால பூச்சியும் மண்ணும் அப்பிக் கெடக்கும். சித்தெ குனிஞ்சு பாத்துத் தண்ணியை மெல்லமா அடிச்சுக் கழுவு. மாடல் டி-க்கு அதுதான் வைத்தியம், உன்ற காருக்கும் அதுதான்.

இத்தனையும் பண்ணின பொறவும் வண்டி சூடாச்சுன்னா வா, பேசிக்கலாம். சூடாகலைன்னா பம்பு மாத்தற ஆசை தானா ஓடிப் போயிரும். அந்தக் காசுக்கு நாலு டயரைப் பாரு. ரெண்டு வழுக்கையாக் கெடக்குது.

நாளைக்கு நீ ஒரு ஹைபிரிட் வாங்குவே. அதுல கரண்டு பம்புதான் வரும். அப்ப ஷோரூம்ல போய், "எங்க அப்புச்சி சொன்னாருங்க, இதைக் கழட்டிட்டு பெல்ட்டு பம்பு போட்டுக் குடுங்க"ன்னு நின்னு, என்ற மானத்தை வாங்கிராதே.